வீட்டு மின்சாரமும் சான்றுத் தாளும்

ஒரு வீட்டில் புதிதாக விளக்கு ஏற்றுவது நம் பாட்டன்மார் காலத்தில் மிக எளிய காரியமாக இருந்தது. அகல், திரி, எண்ணெய் மூன்றும் இருந்தால் போதும். எவரிடமும் போய் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. திரி புகைந்தால் கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் கசிந்தால் கைக்குத் தெரியும். மின்சார விளக்கோ அத்தகையதன்று. சுவருக்குள்ளே மறைந்து ஓடும் கம்பியில் பழுது நேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, மூக்குக்கும் எட்டுவதில்லை. கை பட்ட பிறகே தெரிகிறது. சில சமயம் அதற்கும் பிறகு தெரிந்துகொள்ள ஆளிருப்பதில்லை. ஆகையினாலேயே வீட்டு மின்சார வேலையை யார் செய்யலாம், செய்த வேலையை யார் சோதித்துக் கையொப்பமிட வேண்டும், அதனை எவருக்கு அறிவிக்க வேண்டும் என்பனவற்றுக்கெல்லாம் சட்டம் ஏற்பட்டிருக்கிறது. நம் இதழின் குடும்பப் பகுதியில் இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

இது அதிகாரிகளும் என்ஜினீயர்களும் கவனிக்க வேண்டிய காரியமாயிற்றே, நமக்கென்ன என்று சகோதரிகள் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சமையலறையில் ஈரக்கையுடன் மிக்ஸியின் சுவிட்சைத் தொடுபவர்கள் அவர்களே. குளியலறையில் குழந்தைக்கு வெந்நீர் விளாவுபவர்களும் அவர்களே.

நம் வீடுகளின் நிலை

மும்பையில் நம்மவர் வாழும் வீடுகளை மின்சாரக் கண்ணோடு பார்த்தால் மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

முதலாவது மாதுங்காவின் பழைய கட்டடங்கள். தாதர், மாதுங்கா மனைப்பகுதிகளில் 1930-களிலும் 1940-களிலும் எழுந்த மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள் பல இன்றும் உறுதியாக நிற்கின்றன. அவை கட்டப்பட்ட காலத்தில் ரப்பர் உறையிட்ட கம்பிகளை மரச்சட்டத்துக்குள் செலுத்தி மேலே மரமூடி போடுவதே வழக்கம். ஐம்பது அறுபது ஆண்டுகள் சென்றால் அந்த ரப்பர் காய்ந்து, தொட்டால் உதிரும் பதத்துக்கு வந்துவிடுகிறது. அந்நாளில் ஓர் அறைக்கு இரண்டு விளக்கு, ஒரு விசிறி என்று கணக்கிட்டார்கள். 60 வாட் விளக்கு இரண்டும் 75 வாட் விசிறி ஒன்றும் சேர்ந்தால் 195 வாட். 230 வோல்ட்டில் அது ஓர் ஆம்பியருக்கும் குறைவு. இன்று அதே குடித்தனத்தில் குளிர்சாதனப் பெட்டிக்கு 1,500 வாட், கீசருக்கு 2,000 வாட், இண்டக்ஷன் அடுப்புக்கு 2,000 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5,500 வாட்; அதாவது ஏறத்தாழ 24 ஆம்பியர். பழைய சுமையைப் போல இது 28 மடங்கு. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். உதிரும் ரப்பரும் உலர்ந்த மரமும் அந்த வெப்பத்துக்கு அருகில் இருக்கின்றன என்பதை அன்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தாராவியின் வீடுகள். ஒரே அறை, அதன்மேல் ‘மாளா’ என்று வழங்கும் மாடி, சில இடங்களில் அதன்மேலும் ஒன்று. கீழ்வீட்டுக்கு வாங்கிய இணைப்பிலிருந்து மேல்வீட்டுக்கு ஒரு கம்பி, அங்கிருந்து பக்கத்துத் தையற்கூடத்துக்கு மற்றொன்று என்று கிளை பிரிந்துகொண்டே போகிறது. தகரச் சுவரும் இரும்பு ஏணியும் கம்பிக்குத் துணையாக நிற்கின்றன. உறை கிழிந்த ஒரு கம்பி தகரத்தைத் தொட்டுவிட்டால் வீடு முழுவதுமே மின்சாரம் ஏறியதாகிவிடும். மழை நாளில் சந்தெல்லாம் தண்ணீர். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது நகரில் மாண்டவர்களுள் மின்னதிர்ச்சியால் உயிரிழந்தவர்களும் உண்டு.

மூன்றாவது செம்பூரின் கூட்டுறவு வீட்டுச் சங்கக் கட்டடங்கள். இவற்றில் கம்பி பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்க்குள் சுவரினுள் ஓடுகிறது. பார்வைக்கு அழகு, அபாயம் வேறுவிதம். வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று சுவரை இடித்துச் சமையலறையை நகர்த்துகிறார்கள். கம்பி எந்த வழியே போகிறது என்று குறித்து வைத்தவர் எவரும் இல்லை. பின்னொரு நாள் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கும்போதுதான் அந்த வழி தெரிய வருகிறது.

சட்டம் சொல்வது யாது?

நம் நாட்டில் 1910-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் அதன் கீழ் 1956-இல் வந்த இந்திய மின்சார விதிகளும் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. அவற்றின் இடத்தில் இன்று 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும், மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் இருக்கின்றன. அவ்வொழுங்குமுறைகள் 2010-இல் வெளிவந்து 2023-இல் புதிதாக வகுக்கப்பட்டன. ஏடுகள் மாறினாலும் 1956-ஆம் ஆண்டின் 45-ஆம் விதி சொன்ன அடிப்படை மாறவில்லை. அது யாதெனில்: ஒரு வீட்டில் மின்சார அமைப்பைப் புதிதாகச் செய்வதாயினும், கூட்டுவதாயினும், மாற்றுவதாயினும், பழுது பார்ப்பதாயினும், மாநில அரசின் உரிமம் பெற்ற கண்ட்ராக்டர் மூலமாகவே செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் கவனிக்க வேண்டும், கைவேலை செய்பவரும் அரசு வழங்கிய அல்லது அரசு ஒப்புக்கொண்ட அனுமதிச் சீட்டு உடையவராக இருக்க வேண்டும்.

அப்படியானால் பல்பு மாற்றவும் கண்ட்ராக்டரா என்று கேட்கலாம். இல்லை. விளக்கு, விசிறி, பியூஸ், சுவிட்ச், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு அதே அளவில் வேறொன்றைப் போடுவதற்கு விலக்கு உண்டு. அமைப்பின் கொள்ளளவும் தன்மையும் மாறக்கூடாது என்பதே அளவுகோல். பழைய சுவிட்சுக்குப் பதில் புது சுவிட்ச் போடலாம். ஆனால் விசிறிக்குச் செல்லும் கம்பியிலிருந்து கிளை எடுத்து இண்டக்ஷன் அடுப்புக்குப் பிளக் வைப்பது விலக்கில் அடங்காது. எல்லை எங்கே என்று மயங்குபவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்: இந்த வேலைக்குப் புதுக் கம்பி வேண்டுமா? வேண்டுமென்றால் உரிமம் உடையவரும் வேண்டும்.

வேலை முடிந்தவுடன் கண்ட்ராக்டர் சோதனை செய்து அறிக்கை தர வேண்டும். ‘டெஸ்ட் ரிப்போர்ட்’ என்று நம்மவர் சொல்வது இதனையே. புது இணைப்புக்கோ, அனுமதித்த சுமையை உயர்த்துவதற்கோ விண்ணப்பிக்கும்போது இவ்வறிக்கை மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குப் போகிறது. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அந்நிறுவனம் பெஸ்ட். 1905-இல் கம்பெனியாகத் தோன்றி, 1947 ஆகஸ்டு 7-ஆம் தேதி மாநகராட்சியின் உடைமையானது அது. செம்பூர் முதலிய புறநகர்களுக்கு 1929-இல் தொடங்கிய புறநகர் மின்சாரக் கம்பெனி கைமாறிக் கைமாறி, 2018 முதல் அதானி மின்சார நிறுவனமாக இருக்கிறது. டாட்டா பவரும் அப்பகுதிகளில் வழங்குகிறது. நிறுவனம் தன் பங்குக்குச் சோதித்துவிட்டே இணைப்புத் தரவேண்டும் என்பதும் பழைய விதிகளிலிருந்தே வரும் முறை.

இணைப்புத் தந்த பிறகு என்ன? 1956-ஆம் ஆண்டின் 46-ஆம் விதி, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில் ஒவ்வோர் அமைப்பையும் மறுபடி சோதிக்க வேண்டுமென்று கூறிற்று. நம் அன்பர்கள் தங்கள் வீட்டுக்குள் கடைசியாக மெகர் பெட்டியுடன் ஒருவர் வந்தது எந்த ஆண்டு என்று எண்ணிப் பார்க்கட்டும். மீட்டர் கணக்கெடுக்க ஒருவர் வருவார். பணம் கட்டாவிட்டால் ஒருவர் வருவார். மீட்டருக்கு இப்பால் நடப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆகையால் அதனை நாம்தான் கவனித்தாக வேண்டும்.

அறிக்கையில் எண் இருக்கிறதா?

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. சோதனை அறிக்கை என்பது பல இடங்களில் சோதனையின்றி எழுதப்படும் அறிக்கையாகிவிட்டது. வேலை செய்தவர் ஒருவர், கையொப்பமிடுபவர் மற்றொருவர், அவர் அந்த வீட்டின் படியை மிதித்ததே இல்லை. தாளுக்கு ஒரு விலை பேசி வாங்கி, இணைப்பு வந்ததும் பெட்டியில் பூட்டிவிடுகிறோம். தாள் சரியாக இருக்கிறது. சுவருக்குள் இருப்பதைத்தான் எவரும் பார்க்கவில்லை.

உண்மையான சோதனைக்கு அடையாளம் எண். கம்பியின் உறை நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய மெகர் என்னும் கருவியால் 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்ப்பார்கள். கம்பிக்கும் பூமிக்கும் இடையே தடை ஒரு மெகோமுக்குக் குறையக்கூடாது. அந்த அளவு இருந்தால் 230 வோல்ட்டில் கசியக்கூடிய மின்னோட்டம் ஆம்பியரில் நாலாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாது. அறிக்கையில் இந்த இடத்தில் ‘சரி’ என்று எழுதியிருந்தால் போதாது; எத்தனை மெகோம் என்று எழுதியிருக்க வேண்டும். எண் இல்லாத அறிக்கையைச் சோதனை என்று கொள்ள வேண்டாம்.

இரண்டாவதாக, பூமிக்கம்பி. பிளக்கின் பெரிய துளைக்குப் பின்னால் பச்சை நிறக் கம்பி உண்மையாகவே இணைந்திருக்கிறதா, அது பூமி வரை தொடர்கிறதா என்பதைக் கருவியால் பார்க்க வேண்டும். துளை மூன்று இருப்பதனாலேயே கம்பி மூன்று இருக்கும் என்று நம்புவது பேதைமை. மூன்றாவதாக, சுவிட்ச் மின்னோட்டம் வரும் ‘பேஸ்’ கம்பியில் இருக்கிறதா என்பது. அது தவறுதலாகக் கருப்புக் கம்பியில் இருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கின் பிடியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் தொடுபவர் கதி என்னவாகும்?

நான்காவது மிக முக்கியமானது. பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆகையால் ஆபத்தில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அவை கம்பியைக் காப்பதற்காக ஏற்பட்டவை, மனிதரைக் காப்பதற்கல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் ஓடினால்தான் விழும். மனித உடலுக்கோ 0.03 ஆம்பியரே அபாயத்தின் எல்லை. அது ஒரு 60 வாட் விளக்கு இழுப்பதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஒருவர் மின்கம்பியைப் பற்றிக்கொண்டு துடிக்கும்போதும் எம்.சி.பி. தன் கடமையில் தவறாமல் நிமிர்ந்தே நிற்கும். மனிதரைக் காப்பது கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி. அதற்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு என்று கேட்டு வாங்க வேண்டும். அதில் ‘டெஸ்ட்’ என்றொரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே விழுந்தால் நலம், விழாவிட்டால் மாற்ற வேண்டும். அமாவாசைக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறவாது.

இவையன்றி அறிக்கையில் கண்ட்ராக்டரின் பெயர், உரிம எண், அவ்வுரிமம் எந்நாள் வரை செல்லும் என்பது, மேற்பார்வையாளரின் சான்று எண், விளக்கு, விசிறி, பிளக் ஆகியவற்றின் எண்ணிக்கை, தேதி ஆகியவை இருத்தல் வேண்டும். ஒரு பிரதியை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ட்ராக்டரிடம், ‘அளந்து காட்டி எழுதுங்கள்’ என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. துணிக்கடையில் கெஜக்கோலைக் கண்ணெதிரே வைத்து அளக்கச் சொல்கிறோமல்லவா?

நம் ஊர்ப் பிள்ளை

இனிச் சொல்வது நமக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம். நம் வீடுகளில் கம்பி வேலை செய்பவர் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளையே. திருநெல்வேலியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து, ஒரு மேஸ்திரியிடம் கைவேலை கற்று, நேர்மையாக உழைப்பவர். ‘தம்பி, ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடு’ என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்பார். உரிமம் உண்டா என்று கேட்டால், ‘என்ன அண்ணாச்சி, தாளா கம்பி இழுக்கப் போகுது? நான் செய்த வேலையில் எப்போது குறை கண்டீர்கள்?’ என்று வருந்துவார். அவர் வருத்தம் நியாயமானதே. அவருடைய கை, தாள் வைத்திருக்கும் சிலருடைய கையைவிடத் தேர்ந்ததாகவும் இருக்கலாம்.

ஆயினும் அவரிடம் மெகர் கருவி இல்லை; சோதனை முறை அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. வேலையில் விபத்து நேர்ந்தால் சட்டத்தின் முன் நிற்க அவருக்கு ஒரு பெயரும் இல்லை. ஏணியிலிருந்து அவரே விழுந்தாலும், மின்சாரம் அவரையே தாக்கினாலும், அவர் குடும்பத்துக்கு ஈடு கேட்க வழியும் இராது. உரிமமில்லாத வேலையால் வீட்டுக்காரர் நஷ்டப்படுவது ஒரு பங்கென்றால், அந்தப் பிள்ளை நஷ்டப்படுவது பல பங்கு. அவர் செய்த வேலைக்கு வேறொருவர் கையொப்பமிட்டுப் பணம் பெறுகிறார். இவர் இருபது ஆண்டு கழித்தும் ‘உதவியாள்’ ஆகவே இருக்கிறார்.

ஆகவே அவரைக் கைவிடச் சொல்லவில்லை. கைதூக்கி விடச் சொல்கிறோம். உரிமம் பெற்ற கண்ட்ராக்டர் ஒருவரிடம் அவரைச் சேர்த்து, வேலையை அவர் கையாலேயே செய்வித்து, மேற்பார்வையும் சோதனையும் முறைப்படி நடக்கச் செய்யலாம். பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ.களில் எலக்ட்ரீஷியன் தொழிலிலும் ஒயர்மேன் தொழிலிலும் இரண்டாண்டுப் பயிற்சி இருக்கிறது. அதன்பின் மாநில உரிம வாரியத்திடம் அனுமதிச் சீட்டுப் பெறலாம். தமிழ்நாட்டில் ஒயர்மேன் சான்று பெற்று வந்தவர்கள் அது இங்கே ஒப்புக்கொள்ளப்படுமா என்பதை மகாராஷ்டிர வாரியத்தில் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். விதி ‘அரசு வழங்கிய அல்லது ஒப்புக்கொண்ட’ என்றே கூறுகிறது. நம் சங்கங்கள் திருவிழாவுக்கும் இசைக் கச்சேரிக்கும் திரட்டும் நிதியில் ஒரு சிறு பகுதியை இவ்விளைஞர்களின் தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்கினால் அதைவிடப் பெரிய தொண்டு வேறு என்ன இருக்க முடியும்?

வாடகைக் குடியினர் கவனத்துக்கு

‘வீடு என்னுடையதன்று, மீட்டர் சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது, யூனிட்டுக்கு அவர் சொன்னதைக் கொடுக்கிறேன், நான் எப்படிக் கேட்பது?’ என்பது தாராவியில் அடிக்கடி கேட்கும் சொல். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, கட்டடத்தின் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி அதில் குடியிருப்பவருக்கும் இணைப்புக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை விதிகள் 2024-இல் திருத்தப்பட்டு, பூர்த்தியான விண்ணப்பம் வந்த பின் பெருநகரங்களில் மூன்று நாளுக்குள் இணைப்புத் தர வேண்டுமென்று கூறுகின்றன. குறை இருந்தால் ஒவ்வொரு நிறுவனத்திலும் நுகர்வோர் குறைதீர் மன்றம் உண்டு; அதற்கு மேல் மின்சார ஓம்புட்ஸ்மன் உண்டு. வக்கீல் இல்லாமலே மனு எழுதலாம்.

இணைப்பு இல்லாமையால் தெருக் கம்பியில் கொக்கி போடுவதை நாம் எவ்வகையிலும் ஆதரிக்க முடியாது. 135-ஆம் பிரிவின்படி அது களவு. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரியது. அதைவிட, அந்தக் கம்பிக்குப் பியூஸும் இல்லை, பூமியும் இல்லை, சோதனையும் இல்லை. தண்டனை நீதிமன்றத்திலிருந்து வருமுன் கம்பியிலிருந்தே வந்துவிடக் கூடும்.

மற்றொரு எண்ணமும் இப்போது பரவியிருக்கிறது. தாராவியைப் புதுப்பித்துக் கட்டும் திட்டத்துக்காக 2024-இல் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியதிலிருந்து, ‘நாளை இடிக்கப் போகிற வீட்டுக்கு இன்று புதுக் கம்பி எதற்கு?’ என்று பலர் கேட்கிறார்கள். பணம் படைத்தவர் கேட்கும் கேள்வியன்று இது. ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவிடுபவர் கேள்வி. அதனை ஏளனம் செய்யலாகாது. ஆனால் வீடு எந்த ஆண்டு இடிபடும் என்பதை எவரும் உறுதி சொல்ல முடியாது. அடுத்த மழை ஜூனில் வரும் என்பது உறுதி. முழு வீட்டுக்கும் புதுக் கம்பி இழுக்க இயலாதவர்கள் ஓர் ஆர்.சி.சி.பி. கருவியும், நல்ல பூமிக்கம்பியும், குளியலிடத்துக்கும் சமையலிடத்துக்கும் புதுக் கம்பியும் மட்டுமாவது போட்டுக்கொள்ளட்டும். அக்கருவியை நாளைப் புது வீட்டுக்குக் கழற்றிக்கொண்டும் போகலாம். முறையான இணைப்பும் அதற்கான பழைய கட்டண ரசீதுகளும் ஒரு குடும்பம் அவ்விடத்தில் வாழ்ந்ததற்குச் சான்றாகப் பயன்படுவதையும் மறக்க வேண்டாம். ரசீதுகளைப் பழைய காகிதக்காரரிடம் போடாதீர்கள்.

விழாக்களும் கூட்டங்களும்

சங்கம் நடத்துவோர் அறிய வேண்டிய ஒரு பிரிவு 54-ஆவது. தெருவிலோ, 100 பேர் அல்லது அதற்கு மேல் கூடும் இடத்திலோ 250 வாட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் மேற்பட்டு மின்சாரம் பயன்படுத்த எண்ணினால், ஏழு நாளுக்குக் குறையாமல் முன்னதாக மின் ஆய்வாளருக்கும், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு அல்லது போலீஸ் கமிஷனருக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. பொங்கல் விழாப் பந்தலில் நான்கு குழல் விளக்கும் ஓர் ஒலிபெருக்கியும் வைத்தாலே அந்த அளவு தாண்டிவிடும். பந்தலுக்குத் தற்காலிக இணைப்பு முறைப்படி பெற்று, உரிமம் பெற்றவரைக் கொண்டே கம்பி இழுக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே கம்பி வாங்கி இரும்புக் கம்பத்தில் சுற்றிவைக்கும் வழக்கத்தை விழாக் குழுவினர் இவ்வாண்டோடு விட்டுவிட வேண்டும்.

வீட்டுச் சங்கங்களில் பொறுப்பேற்றிருப்போர் மாடிப்படியின் கீழிருக்கும் மீட்டர் அறையை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பழைய செய்தித்தாள், உடைந்த நாற்காலி, சைக்கிள் ஆகியவற்றுக்கு அதுவே கிடங்காக இருப்பதைக் காணலாம். அங்கே தீப் பிடித்தால் புகை நேரே மாடிப்படி வழியாகத்தான் ஏறும். மேலிருப்போர் இறங்குவதற்கும் அது ஒன்றே வழி. 2006-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டத்தின்படி, அதற்கு உட்பட்ட கட்டடங்களின் தீயணைப்புச் சாதனங்கள் நல்ல நிலையில் உள்ளன என்று உரிமம் பெற்ற ஏஜென்சியிடம் ஜனவரியிலும் ஜூலையிலும் சான்று பெற்றுச் சமர்ப்பிக்க வேண்டும். அதையொட்டி மின்கம்பிகளையும் சோதிக்கச் செய்தால் ஒரே செலவில் இரு காரியமாகும்.

பிற நாட்டு வழக்கம்

இங்கிலாந்தில் 2005 ஜனவரி 1-ஆம் தேதி முதல் வீட்டு மின்சார வேலையைக் கட்டட ஒழுங்குமுறைகளுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். புதிதாக ஒரு சுற்றுக்கம்பி இழுத்தாலும், பியூஸ் பெட்டியை மாற்றினாலும், குளியலறையில் தொட்டிக்கோ ஷவருக்கோ அருகில் வேலை செய்தாலும் உள்ளூராட்சிக்கு அறிவித்தாக வேண்டும். பதிவு பெற்ற தொழிலாளி தம் வேலைக்குத் தாமே சான்றளித்து, 30 நாளுக்குள் அறிவிப்பையும் வீட்டுக்காரருக்குச் சான்றையும் அனுப்பிவிடுகிறார். பதிவில்லாதவர் வேலை தொடங்குமுன்பே அறிவிக்க வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அந்தச் சான்று எங்கே என்று கேட்பதுண்டு. சான்றில்லாத வேலை விற்பனையில் தொல்லையாக வந்து நிற்பதால், போலீசுக்குப் பயப்படாதவரும் சான்றை வாங்கி வைக்கிறார்.

நம் ஊரில் அவ்வாறு கேட்பார் இல்லை. வீடு வாங்கும்போது கிழக்கு வாசலா என்று கேட்கிறோம். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறோம். கம்பி எந்த ஆண்டு போட்டது, சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்பதில்லை. செம்பூரிலும் மாதுங்காவிலும் வீடு வாங்குவோரும் வாடகைக்குப் போவோரும் இவ்விரு கேள்விகளையும் கேட்கத் தொடங்கினால், சட்டத்தால் ஆகாதது வழக்கத்தால் ஆகிவிடும்.

உடனே செய்யத் தக்கவை

மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் கீழ்க்கண்டவற்றைச் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். மின்கட்டண ரசீதில் குறித்திருக்கும் அனுமதித்த சுமையைப் பார்த்து, வீட்டிலுள்ள சாதனங்களின் வாட்டைக் கூட்டி ஒப்பிட வேண்டும். மிகுந்திருந்தால் சுமையை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர், பிள்ளைகள் எல்லோருக்கும் காட்டிக் கொடுக்க வேண்டும். பியூஸ் போனால் தடித்த கம்பி வைத்துக் கட்டலாகாது. கீசர், சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றின் உடலைத் தொடும்போது ‘சுருக்’கென்றால் அது விளையாட்டன்று, அதனை அன்றே நிறுத்திவிட்டு ஆளை அழைக்க வேண்டும். ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைக் கையால் தொடாமல் முதலில் மெயினை அணைக்க வேண்டும்; அது இயலாதபோது உலர்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும். தீயணைப்புப் படைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, மாநகராட்சி பேரிடர் உதவிக்கு 1916 என்னும் எண்களைக் காலண்டர் அருகே எழுதி ஒட்டி வைக்கவும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உரிமம் பெற்ற கண்ட்ராக்டர்கள், நேரில் வந்து அளந்து எழுதிக் கொடுப்பவர்கள் யார் யார் என்று உறுப்பினர்களின் அனுபவத்திலிருந்து ஒரு பட்டியல் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் தொங்கவிடலாம். ஒரு தெருவில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் சோதிக்கச் சொன்னால் கூலியும் குறையும். எவரும் தட்டிக்கழிக்கவும் மாட்டார்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். இங்கே ஓர் அறை பிடித்து, ஒரு விளக்கு ஏற்றி, அதன் வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறோம். அந்த விளக்குக்குப் பின்னால் ஓடும் கம்பியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தகுதியுடைய ஒருவர் கருவி வைத்துப் பார்த்து, எண் எழுதி, தம் பெயரைக் கையொப்பமிட்டுக் கொடுக்கட்டும். அத்தாளைப் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.